ஊர்ப் பணம் யாருக்குக் கடன்? – வங்கிகள் நாட்டுடைமையை வகுப்பறையில் கற்பித்தல்

ஒன்பதாம் வகுப்பில் பணமும் கடனும் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் "1969 ஜூலை 19 – 14 வணிக வங்கிகள் நாட்டுடைமை" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அதற்குக் கீழே "1980 ஏப்ரல் 15 – மேலும் 6 வங்கிகள்" என்று எழுதினேன். "ஒரு மதிப்பெண் வினாவில் கட்டாயம் வரும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்றேன். பதினெட்டு ஆண்டுகளாக நான் இந்தப் பாடத்தை இப்படித்தான் நடத்தி வந்தேன்.

மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். "டீச்சர், பேங்க் கவர்மெண்ட்டோடதுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் எங்கம்மா தண்டல்காரர்கிட்ட வாங்குறாங்க?"

வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அமைதியாகிவிட்டார்கள். அந்த வகுப்பில் பாதிப் பேரின் வீட்டுக்குத் தண்டல்காரர் வருவார் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "உங்கம்மா பேங்க்குல கேட்டுப் பார்த்தாங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு தடவை போனாங்க டீச்சர். ரெண்டு நாள் கூலிதான் போச்சு" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பாடநூலை மீண்டும் படித்தேன். தேதிகள் சரியாக இருந்தன, எண்ணிக்கையும் சரியாக இருந்தது. அவளுடைய கேள்விக்கு விடை மட்டும் நான் நடத்திய பாடத்தில் இல்லை. அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படைத் தெளிவு

நம் மாணவர்களில் பலர் வங்கியைப் பணத்தைப் பூட்டி வைக்கும் பெட்டகமாகவே நினைக்கிறார்கள். நாம் போட்ட 500 ரூபாய் அப்படியே உள்ளே இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். இந்த எண்ணம் மாறாமல் நாட்டுடைமை என்ற சொல் புரியாது.

வங்கி நம்மிடம் வைப்புத்தொகை வாங்குகிறது. அதில் ஒரு பகுதியைக் கையிருப்பாகவும் அரசுப் பத்திரங்களாகவும் வைத்துக்கொண்டு, மீதியைக் கடனாகக் கொடுக்கிறது. கடனுக்கு வாங்கும் வட்டி அதிகம், வைப்புக்குக் கொடுக்கும் வட்டி குறைவு. இந்த வித்தியாசத்தில்தான் வங்கி நடக்கிறது. வங்கியின் உரிமையாளர் போட்ட முதல் சிறு பகுதிதான். புழங்கும் பணத்தில் பெரும்பகுதி பொதுமக்களுடையது.

ஆகவே "வங்கி யாருடையது?" என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. மக்கள் போட்ட பணத்தை யாருக்குக் கடனாகக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் யார்? 1969ஆம் ஆண்டின் கதை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. நான் இப்போது தேதியை எழுதுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன்.

1969க்கு முன்

வங்கி திவாலாவது என்றால் என்ன என்பதற்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கிலேயர் நடத்திய ஆர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் நொடித்துப் போனது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஏராளமானோர் சேமிப்பை இழந்தார்கள். இந்தியர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் அது ஒரே நாளில் திறக்கப்பட்டது. பின்னாளில் நாட்டுடைமையான 14 வங்கிகளில் இந்த இரண்டும் அடங்கும். இரண்டுமே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை என்பதை மாணவர்களிடம் சொன்னால் பாடம் சற்று அருகில் வரும்.

விடுதலைக்குப் பின் அரசு படிப்படியாகத்தான் வங்கித் துறைக்குள் வந்தது. 1935இல் பங்குதாரர்களின் நிறுவனமாகத் தொடங்கிய இந்திய ரிசர்வ் வங்கி, 1949 ஜனவரி 1 அன்று அரசுடைமையானது. இம்பீரியல் வங்கி 1955 ஜூலை 1 முதல் பாரத ஸ்டேட் வங்கி ஆனது. ஐந்து ஆண்டுகளுக்குள் புதிதாக 400 கிளைகளைத் திறக்க வேண்டும் என்ற கடமை அதற்கு விதிக்கப்பட்டது.

இதற்குக் காரணமாக இருந்தது 1951-52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு. கிராமத்து உழவர் வாங்கிய கடனில் ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்கு விடுபவர்களிடமிருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 விழுக்காடு. வணிக வங்கிகள் கொடுத்தது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த மூன்று எண்களையும் பட்டை வரைபடமாக வரையச் சொல்லுங்கள். வங்கியின் பட்டை கண்ணுக்கே தெரியாது. ஓர் ஆய்வறிக்கை சொல்வதை அந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

1960களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பெரிய வங்கிகள் பலவற்றின் இயக்குநர் குழுவில் பெரிய தொழில் குடும்பத்தினர் இருந்தார்கள். யுனைடெட் கமர்ஷியல் வங்கி பிர்லா குழுமத்தோடு தொடர்புடையது என்பது எல்லோரும் அறிந்தது. ஊர்மக்கள் போட்ட பணம் உரிமையாளர்களுக்கு வேண்டிய ஆலைகளுக்கும் வணிகத்துக்கும் எளிதாகப் போயிற்று. வங்கிகள் கொடுத்த மொத்தக் கடனில் வேளாண்மைக்குக் கிடைத்தது சுமார் 2 விழுக்காடுதான்.

மறுபக்கம் சிறு வங்கிகள் மூடப்பட்டுக்கொண்டே இருந்தன. 1960இல் கேரளத்தின் பாலாய் மத்திய வங்கி மூடப்பட்டது நாடு முழுவதும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அதன் பிறகே 1962இல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது. அன்று காப்பீட்டின் உச்ச வரம்பு 1,500 ரூபாய். இன்று 5 லட்சம் ரூபாய்.

1965 முதல் 1967 வரை நாடு கடும் வறட்சியைச் சந்தித்தது. அதைத் தொடர்ந்து பசுமைப் புரட்சி வந்தது. வீரிய விதை, உரம், மின் மோட்டார் எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். அந்தப் பணம் உழவருக்கு எங்கிருந்து வரும்? வங்கிகளின் உரிமையை மாற்றாமலேயே இதைச் சரிசெய்ய முடியுமா என்று அரசு முதலில் முயன்றது. 'சமூகக் கட்டுப்பாடு' என்ற பெயரில் 1968இல் சட்டம் இயற்றி, இயக்குநர் குழுக்களில் உழவு, சிறுதொழில் அறிந்தவர்களைச் சேர்க்கச் சொன்னது. அந்தச் சட்டம் 1969 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பலன் என்ன என்று பார்ப்பதற்குள் ஜூலை வந்துவிட்டது.

அந்த ஜூலை மாதம்

1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். குடியரசுத் துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்தார். ஆளும் காங்கிரஸ் கட்சிக்குள் பிரதமர் இந்திரா காந்திக்கும் மூத்த தலைவர்கள் குழுவுக்கும் மோதல் முற்றியிருந்தது. அந்த மூத்த தலைவர்களில் காமராசரும் ஒருவர். நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் நாட்டுடைமையை ஏற்கவில்லை. சமூகக் கட்டுப்பாடே போதும் என்றார். ஜூலை 16 அன்று அவரிடமிருந்து நிதித்துறை எடுக்கப்பட்டது.

ஜூலை 19 சனிக்கிழமை. நாடாளுமன்றக் கூட்டம் தொடங்க இரண்டு நாள்களே இருந்தன. அன்று அவசரச் சட்டத்தில் வி.வி. கிரி கையெழுத்திட்டார். குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக மறுநாளே அவர் பதவி விலகினார். 50 கோடி ரூபாய்க்குக் குறையாத வைப்புத்தொகை கொண்ட 14 இந்திய வங்கிகள் அரசுடைமையாயின. அன்று இரவு வானொலியில் பிரதமர் இதை நாட்டு மக்களுக்கு அறிவித்தார். மனிதன் முதன்முதலாக நிலவில் கால் பதித்ததும் அடுத்த ஓரிரு நாளில்தான். இந்த இரண்டையும் இணைத்துச் சொன்னால் மாணவர்களுக்குத் தேதி மறப்பதில்லை.

பாரத ஸ்டேட் வங்கிக் குழுமத்தோடு இந்த 14 வங்கிகளும் சேர்ந்ததால், நாட்டின் வங்கி வைப்புத்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அரசு வங்கிகளின் பொறுப்புக்கு வந்தது.

இது பொருளாதார முடிவா, அரசியல் முடிவா என்று மேல்நிலை மாணவர்கள் கேட்பார்கள். இரண்டும்தான் என்று சொல்வதே நேர்மை. கிராமத்துக்குக் கடன் போகவில்லை என்ற குறை உண்மையானது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் கட்சிக்குள் நடந்த போட்டிக்கும் பங்கு இருந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. வங்கிகளின் பங்குதாரரான ஆர்.சி. கூப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு 1970 பிப்ரவரி 10 அன்று, பத்துக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வங்கிகளை நாட்டுடைமையாக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 14 வங்கிகளை மட்டும் பாகுபடுத்திய விதமும், இழப்பீட்டைக் கணக்கிட்ட முறையும் அடிப்படை உரிமைகளுக்குப் பொருந்தவில்லை என்றது. நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. இழப்பீட்டுத் தொகைகள் வரையறுக்கப்பட்டு, 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1969 ஜூலை 19 முதலே செல்லும்படி இயற்றப்பட்டது. குடிமையியல் நடத்தும் நண்பர்கள் நாடாளுமன்றம், நீதித்துறை, அடிப்படை உரிமை ஆகிய மூன்றையும் இந்த ஒரே நிகழ்வை வைத்து விளக்கலாம்.

என்ன மாறியது?

1969இல் நாட்டில் வங்கிக் கிளைகள் 8,000க்குச் சற்று மேல். அவற்றில் கிராமக் கிளைகள் 1,800 சொச்சம். 1991இல் மொத்தக் கிளைகள் சுமார் 60,000, கிராமக் கிளைகள் சுமார் 35,000. ஒரு கிளைக்குச் சராசரியாக 64,000 பேர் என்றிருந்தது, 14,000 பேர் என்று குறைந்தது.

இது தானாக நடந்ததன்று. 1969 டிசம்பரில் முன்னோடி வங்கித் திட்டம் வந்து, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி பொறுப்பேற்றது. 1975இல் வட்டார ஊரக வங்கிகள் தொடங்கப்பட்டன. 1977 முதல், ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1990 வரை அது நீடித்தது. முன்னுரிமைத் துறை என்று வேளாண்மை, சிறுதொழில் போன்றவற்றை வகுத்து, கடனில் 40 விழுக்காடு அவற்றுக்குப் போக வேண்டும் என்று இலக்கும் வைக்கப்பட்டது.

இந்தக் கிளைகளால் பயன் இருந்ததா? பொருளாதார அறிஞர்கள் ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, கிராமங்களில் கிளைகள் பெருகியதால் கிராமப்புற வறுமை குறைந்தது என்று காட்டியது. கிராமக் குடும்பங்களின் கடனில் வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்களின் பங்கு 1971இல் சுமார் 30 விழுக்காடு. 1981இல் அது சுமார் 60 விழுக்காடானது. பத்தே ஆண்டுகளில் இரு மடங்கு.

அதன் பிறகு அந்த வேகம் நின்றுவிட்டது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் கிராமக் குடும்பங்களின் கடனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இத்தகைய நிறுவனங்களுக்கு வெளியிலிருந்தே வந்தது. என் மாணவியின் அம்மா அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறார். அவள் கேட்டது தனி ஒரு வீட்டின் கேள்வி அன்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

அரசு உரிமையாளராக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கடன் கேட்பவர் திருப்பித் தருவாரா என்று பார்க்க வேண்டிய இடத்தில், யார் சொல்லி வந்தார் என்று பார்க்கும் நிலை வந்துவிடலாம். 1980களில் கடன் மேளாக்கள் நடந்தன. 1990இலும் 2008இலும் வேளாண் கடன்கள் பெரிய அளவில் தள்ளுபடி செய்யப்பட்டன. கடன் சுமை தாங்காத உழவருக்கு அது உதவி. ஒழுங்காகத் தவணை கட்டியவர் 'நான் ஏன் கட்டினேன்?' என்று கேட்டதும் உண்மை.

வாராக்கடன் என்றதும் சிறு உழவரை மட்டும் நினைத்துவிடக் கூடாது. பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 2018 மார்ச்சில் கடன் தொகையில் 14 விழுக்காட்டைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன். அந்தப் பள்ளத்தை நிரப்ப 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. அரசு போடும் பணம் இறுதியில் வரி கட்டும் மக்களின் பணம்தான்.

அப்படியானால் தனியார் வங்கிகளில் இந்தச் சிக்கல் இல்லையா? 2020 மார்ச்சில் யெஸ் வங்கி தடுமாறியபோது பாரத ஸ்டேட் வங்கியின் தலைமையில்தான் அது மீட்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை காப்பாற்றப்பட்டது, பங்குதாரர்கள் போட்ட முதல் போயிற்று. உரிமையாளர் யாராக இருந்தாலும், கடன் கொடுக்கும் முடிவைக் கண்காணிப்பவர் இல்லாவிட்டால் ஆபத்துதான். பொதுத்துறை வங்கிகளைத் தனியார்மயமாக்கலாமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. இரு பக்கத்தார் சொல்வதையும் மாணவர்கள் எடைபோடக் கற்றுக்கொண்டால் போதும். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

மூன்று சுற்று விளையாட்டு

இத்தனையையும் விரிவுரையாகச் சொன்னால் வகுப்பு தூங்கிவிடும். நான் ஒரு விளையாட்டாக நடத்துகிறேன். ஒரு பாடவேளை போதும். பழைய நோட்டுத் தாளில் வெட்டிய துண்டுகளே பணம்.

பத்து மாணவர்கள் ஊர்மக்கள். ஒவ்வொருவரிடமும் 10 சீட்டு. நான்கு பேர் வங்கியார். ஊர்மக்கள் எல்லாரும் வங்கியில் போட்டால் 100 சீட்டு சேரும். எடுக்க வருபவர்களுக்காக 20 சீட்டை ஒதுக்கிவிட்டு 80 சீட்டைக் கடனாகக் கொடுக்கலாம். கடன் கேட்டு ஐந்து பேர் வருவார்கள். நூற்பாலை முதலாளி 60, மொத்த வியாபாரி 30, கிணற்றுக்கு மோட்டார் கேட்கும் உழவர் 20, தறி வாங்க நெசவாளர் 15, இட்லிக் கடை அம்மா 5. கேட்பது 130, இருப்பது 80. இங்கேதான் பொருளியல் தொடங்குகிறது.

முதல் சுற்று: வங்கியின் தலைவர் ஆலை முதலாளியின் தம்பி. வேறு எந்த விதியும் இல்லை. பெரும்பாலும் ஆலைக்கு 60, வியாபாரிக்கு 20 என்று போய்விடும். மற்ற மூவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். பணம் போட்ட ஊர்மக்களிடம் "உங்கள் பணம் எங்கே போயிருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் சுற்று: வங்கி அரசுடையது. 80இல் 40 விழுக்காடு, அதாவது 32 சீட்டு, உழவர், நெசவாளர், கடைக்காரர் மூவருக்கும் போக வேண்டும். அவர்கள் கேட்பது 40. யாருக்குக் குறைப்பது என்று வங்கியார் கூடிப் பேசட்டும்.

மூன்றாம் சுற்று: தொடங்கும் முன் வகுப்பில் எல்லாரும் ஆளுக்கொரு சீட்டை 'வரிப் பெட்டி'யில் போட வேண்டும். பிறகு வங்கியாரிடம் 'மேலிடத்துக் கடிதம்' ஒன்றைக் கொடுப்பேன். இன்ன நிறுவனத்துக்கு 40 சீட்டு கொடு, கேள்வி கேட்காதே என்று அதில் இருக்கும். கடன் போகும், திரும்பி வராது. அந்த நேரம் பார்த்து ஊர்மக்கள் பணம் எடுக்க வருவார்கள். ஒதுக்கி வைத்த 20 போதாது. வரிப் பெட்டியைத் திறந்து கொடுப்பேன். "அது எங்க சீட்டு டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். அந்தக் கூச்சலுக்குப் பிறகு 'மறுமுதலீடு' என்ற சொல்லுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

ஒருமுறை முதல் சுற்றிலேயே எதிர்பாராத ஒன்று நடந்தது. வங்கித் தலைவராக இருந்த மாணவன் இட்லிக் கடைக்கு 5 சீட்டைக் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். "அவங்க தினமும் காசு பார்க்கிறவங்க டீச்சர். கொஞ்சம் கொஞ்சமா கட்டிடுவாங்க" என்றான். ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்ற எண்ணம் எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்திருந்தான். 1992இல் நபார்டு வங்கி தொடங்கிய சுய உதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டம் நிற்பதும் இந்த நம்பிக்கையில்தான்.

மாணவர்கள் குழம்பும் இடங்கள்

* 1969இல் எல்லா வங்கிகளும் நாட்டுடைமையாகவில்லை. வெளிநாட்டு வங்கிகளும் சிறிய தனியார் வங்கிகளும் தொடர்ந்தன. கும்பகோணத்தின் சிட்டி யூனியன், கரூர் வைசியா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆகியவை இன்றும் தனியார் வங்கிகளே.
* ரிசர்வ் வங்கியும் பாரத ஸ்டேட் வங்கியும் அந்த 14இல் சேராதவை. அவற்றின் ஆண்டுகள் முறையே 1949, 1955.
* 14ஐயும் 6ஐயும் கூட்டி இன்றும் 20 என்று எழுதக் கூடாது. 1993இலும் பிறகு 2019, 2020ஆம் ஆண்டுகளிலும் நடந்த இணைப்புகளுக்குப் பின் பாரத ஸ்டேட் வங்கியையும் சேர்த்துப் பொதுத்துறை வங்கிகள் 12.
* இன்றைய பொதுத்துறை வங்கிகளில் பலவற்றின் பங்குகள் பொதுமக்களிடமும் உள்ளன. 1990களில் சட்டம் திருத்தப்பட்டு, அரசின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் மற்றவற்றை விற்க வழி செய்யப்பட்டது.
* அரசு வங்கியில் உள்ள பணம் அரசின் பணம் அன்று. வைப்புத்தொகை போட்டவருடையது. அதனால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வீட்டுக் கடன் பற்றி வகுப்பில் வாய்விட்டுக் கேட்காதீர்கள். நான் செய்த தவறு அதுதான். அந்த மாணவியிடம் எல்லோர் முன்னாலும் "உங்கம்மா பேங்க்குல கேட்டாங்களா?" என்று கேட்டிருக்கக் கூடாது. இப்போது பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் 'வங்கி, கூட்டுறவு, குழு, அடகுக்கடை, தண்டல், உறவினர்' என்று அச்சிட்டுக் கொடுத்து, விருப்பம் இருந்தால் மட்டும் குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்கிறேன். தொகையைக் கேட்பதில்லை.

கிளைக்குப் போன நாள்

தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் மாணவர்களை அருகிலுள்ள வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்றோம். மேலாளர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். 'கடன்–வைப்பு விகிதம்' என்றால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். ஊரில் திரட்டிய ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் எவ்வளவு கடனாகத் திரும்ப ஊருக்குப் போகிறது என்பதுதான் அது என்றார். எங்கள் கிளையில் நகைக்கடன்தான் அதிகம் என்றும் சொன்னார்.

"நகை இல்லாதவங்க என்ன சார் பண்ணணும்?" என்று அதே மாணவி கேட்டாள். மேலாளர் சற்று யோசித்தார். சுய உதவிக் குழுக் கடன், பிணையில்லாத சிறுதொழில் கடன், கல்விக் கடன் பற்றியெல்லாம் சொன்னார். பிறகு, "ஆனா பாப்பா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் பணம் வேணும்னா எங்களால உடனே கொடுக்க முடியாது. தண்டல்காரர் கொடுத்துடுவார். அங்கேதான் நாங்க தோத்துப் போறோம்" என்றார். எந்தப் பாடநூலிலும் நான் படிக்காத விடை அது. 1969க்குப் பிறகு வங்கி எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்க்குத் தேவைப்படும் நேரத்தில் அதன் கதவு இன்னும் திறக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் ஒரு வினாவை மாற்றினேன். 'வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதன் நோக்கங்கள் யாவை?' என்பதோடு, 'உன் ஊர்க் கிளைக்கு நீ மேலாளரானால் முதலில் என்ன மாற்றம் செய்வாய்? ஏன்?' என்றும் கேட்டேன். பலர் வட்டியைக் குறைப்பேன் என்று எழுதினார்கள். சிலர் எல்லோருக்கும் கடன் கொடுப்பேன் என்று எழுதியிருந்தார்கள். அவர்களிடம் மூன்றாம் சுற்றை நினைவுபடுத்தினேன்.

அந்த மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "கூலி வேலைக்குப் போறவங்க பகல்ல வர முடியாது. வந்தா அன்னைக்குக் கூலி போயிரும். அதனால வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் 6 மணியில இருந்து 8 மணி வரைக்கும் பேங்க்கைத் திறந்து வைப்பேன்." முழு மதிப்பெண் போட்டேன்.

நண்பர்களே, இந்தப் பருவத்தில் அந்தப் பாடம் வரும்போது தேதியை எழுதுவதற்கு முன் "ஊர்ப் பணம் யாருக்குக் கடனாகப் போகிறது?" என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் என்ன கேள்வி எழுந்தது என்பதை இந்த இதழுக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.